பாசமே வரவில்லை, ஆனால் எல்லாம் செய்கிறேன். இது அன்புக் கணக்கில் சேருமா?

சேகரத்துக்காரன், பாளையங்கோட்டை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் அப்பாவின் அக்கா இருக்கிறார்கள். எண்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர், கூடவே ஹாஸ்டல் வார்டன். தம்பிமார் எல்லாரையும் படிக்க வைத்து, கடைசியில் என் காலேஜ் ஃபீஸையும் கட்டியது அத்தைதான். அதை நான் மறக்கவில்லை, மறக்க விடவும் மாட்டார்கள். அப்பா போன பிறகு எங்களோடு வந்துவிட்டார்கள்.

பிரச்சினை அவர்கள் வாய். வீட்டு வேலைக்கு வந்தவர்கள் ஒருத்தரும் தரிக்கவில்லை. கண்ணாடிக் கூட்டைக் காணோம் என்றால் அன்றைக்கு வேலைக்கு வந்தவள்தான் கள்ளி. சாயங்காலம் அது ஞானப்பாட்டுப் புஸ்தகத்துக்கு அடியில் இருக்கும், ஆனால் 'பாவம் அந்தப் பிள்ளையைச் சொல்லிட்டேனே' என்று ஒரு வார்த்தை வராது. காப்பி கொடுத்தால் ஆறிப்போச்சு, சுட வைத்துக் கொடுத்தால் 'என் நாக்கைப் பொசுக்கப் பாக்கியா'. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் நிற்கிறவர்களிடம் 'ஏதோ போடுறதைத் தின்னுட்டுக் கிடக்கேன்' என்று ஒரு பெருமூச்சு. அதைக் கேட்டவர்கள் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே குடும்ப ஜெபம். என் மகன் வேதம் வாசித்தால் பாதியில் நிறுத்தி உச்சரிப்பைத் திருத்துவார்கள். அவன் இப்போதெல்லாம் வாசிக்கவே வருவதில்லை. பிறகு ஜெபத்தில் 'ஆண்டவரே, இந்த வீட்டிலே இருக்கிற கல்நெஞ்சங்களை உடைத்தருளும்' என்று எங்களை வைத்துக்கொண்டே சொல்வார்கள். கடைசியில் நாங்களும் சேர்ந்து ஆமென் சொல்ல வேண்டும்!

நான் எதிர்த்துப் பேசுவதில்லை. மாத்திரை, டாக்டர், ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் கூடப் போவது எல்லாம் செய்கிறேன். என் மனைவி வேலைக்குப் போகிறாள், அவளும் அவள் பங்குக்குச் செய்கிறாள். ஆனால் மனதுக்குள் பாசம் என்று ஒன்று இல்லை. நாகர்கோவிலில் சித்தப்பா வீட்டுக்குக் கொஞ்ச நாள் போனார்கள் என்றால் வீடே மூச்சு விடுகிறது.

எங்கள் ஹாலில் 1 கொரிந்தியர் 13 ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறது, வீடு பிரதிஷ்டைக்கு யாரோ கொடுத்தது. 'அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது' என்கிற நாலாம் வசனத்தை எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம். மூன்றாம் வசனம்தான் தூங்க விடுவதில்லை. எல்லாவற்றையும் அன்னதானம் பண்ணினாலும், சரீரத்தையே சுட்டெரிக்கக் கொடுத்தாலும், 'அன்பு எனக்கிராவிட்டால் எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை'. அப்படியானால் நான் செய்கிறதெல்லாம் வீண்தானா? பாசம் வருகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா? எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் கேட்டேன், ஜெபம் பண்ணுங்கள் என்றார். அதையும் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். யாராவது விவரமாகச் சொன்னால் நல்லது.

கிருபை_போதும்

பிரதர், மனம் சோர்ந்து போகாதீர்கள். இது உங்களுக்கு வந்த சோதனை. ஒடிசாவில் 1999 ஜனவரியில், தொழுநோயாளிகளுக்கு ஊழியம் செய்த மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு பையன்களையும் ஜீப்புக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெரியவனுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஆறு. அவர் மனைவி கிளாடிஸ் அம்மா, கொலை செய்தவர்களை மன்னித்துவிட்டேன் என்று சொன்னார்கள். சொன்னதோடு நிற்காமல் பாரிபதாவில் அதே தொழுநோயாளிகள் நடுவில் 2004 வரை இருந்து வேலை செய்தார்கள். அதைவிடவா உங்கள் அத்தை? 'சகலத்தையும் தாங்கும்' என்று அதே அதிகாரத்தில்தான் எழுதியிருக்கிறது. தாங்குங்கள், ஆண்டவர் பலன் தருவார். ஆமென்.

ஆல்ட்டோ_பாடுகிறவள்

மேலே எழுதிய பிரதர் கோபித்துக்கொள்ள வேண்டாம். கிளாடிஸ் அம்மாவைப் பற்றிச் சொன்னது எல்லாம் உண்மை, எனக்கும் அவர்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் மன்னித்தார்கள் என்பதால் கேஸை யாரும் மூடிவிடவில்லை. கோர்ட் அது பாட்டுக்கு நடந்தது, முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவர்கள் மன்னித்ததும் நிஜம், இவன் செய்தது குற்றம் என்று தீர்ப்பு வந்ததும் நிஜம். நம் சபைகளில் முதல் பாதியை மட்டும்தான் பிரசங்கம் பண்ணுகிறார்கள், அதுவும் பெரும்பாலும் பெண்களைப் பார்த்து. இந்தத் 'தாங்கும்' வசனத்தை எத்தனை பெண் பிள்ளைகளிடம் சொல்லி அடிக்கிற புருஷன் வீட்டுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வந்து கேளுங்கள், சொல்வோம். அடி உதை நடக்கிற வீட்டில் முதலில் வெளியே வர வேண்டும், அன்பெல்லாம் தூரத்தில் இருந்துகொண்டே காட்டலாம்.

தாவீது என்ன செய்தான் பாருங்கள். 1 சாமுவேல் 26. தன்னைக் கொல்லத் தேடி வந்த சவுல் ராஜா தூங்குகிறபோது அவனைக் கொல்ல வாய்ப்பு இருந்தும் கொல்லவில்லை, தலைமாட்டில் இருந்த ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், ரொம்ப தூரத்தில் மலையுச்சியில் நின்றுகொண்டுதான் கூப்பிடுகிறான். சவுல் 'என் குமாரனாகிய தாவீதே, திரும்பி வா, இனி உனக்குத் தீங்கு செய்ய மாட்டேன்' என்கிறான். தாவீது போனானா? இதோ ஈட்டி, உங்கள் ஆள் ஒருவனை அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்றான். அடுத்த அதிகாரத்திலேயே நாட்டை விட்டே போய்விட்டான். இதைப் பகை என்று யாரும் சொல்வதில்லையே.

சேகரத்து அண்ணன் விஷயம் அவ்வளவு தூரம் இல்லை, தெரிகிறது. வயதான அத்தை, வாய்தான் பிரச்சினை. ஆனாலும் 'எதிர்த்துப் பேசுவதில்லை' என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள், அங்கேதான் எனக்கு இடிக்கிறது. பிரதான ஆசாரியன் வீட்டில் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது இயேசுவே 'என்னை ஏன் அடிக்கிறாய்' என்று கேட்டார். திட்டவில்லை, திருப்பி அடிக்கவில்லை, கேட்டார். பிறனை நேசி என்கிற லேவியராகமம் 19-ல், அதற்கு முந்தின வசனமே உள்ளத்தில் பகையை வைத்துக்கொள்ளாதே, அவனைக் கடிந்துகொள் என்றுதான் சொல்கிறது. நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பதால் உள்ளே புளித்துப் போய்க் கிடக்கிறது. கூட்டத்தில் வேண்டாம், தனியாக, அத்தை நல்ல மனநிலையில் இருக்கிற நேரமாகப் பார்த்து, 'கோயில் வாசலில் அப்படிச் சொல்லாதீங்க அத்தை, எனக்கு அது அவமானமா இருக்கு' என்று ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள். பெரிய பட்டியல் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

அப்புறம் ஒன்று. இவ்வளவு நீளப் பதிவில் உங்கள் மனைவிக்கு ஒரே வரி. உங்களுக்குப் பாசம் வருகிறதா இல்லையா என்று தூக்கம் கெடுகிறது, சரி. அந்த அம்மா ராத்திரி எப்படித் தூங்குகிறார்கள் என்று கேட்டீர்களா?

உபதேசியார்_பேரன்

கடைசிக் கேள்வி காரம், ஆனால் நியாயம்.

நான் அந்த மூன்றாம் வசனத்துக்கு வருகிறேன். அந்த அதிகாரத்தை நாம் கல்யாணத்தில் வாசித்து வாசித்து அது ஏதோ மாப்பிள்ளை பெண்ணுக்கு எழுதினது மாதிரி ஆகிவிட்டது. பவுல் எழுதினது கொரிந்து சபைக்கு. அந்தச் சபையின் லட்சணம் என்ன? நான் பவுல் கட்சி, நான் அப்பொல்லோ கட்சி என்று பிரிந்து கிடந்தார்கள். ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள். கர்த்தருடைய பந்தியில் ஒருவன் பசியாய் இருக்க இன்னொருவன் வெறித்திருந்தான், பதினோராம் அதிகாரத்தில் இருக்கிறது. எனக்கு அந்த வரம் உண்டு, உனக்கு உண்டா என்று போட்டி வேறு. நம் சேகரத்துச் சபைத் தேர்தல் மாதிரியே இருக்கிறதா, இருக்கட்டும். அப்படிப்பட்ட ஆட்களிடம்தான் 'நீ எவ்வளவு பெரிய காரியம் செய்தாலும் பிரயோஜனம் இல்லை' என்கிறார். ஊர் மெச்ச அன்னதானம் போடுகிறவனுக்கு அடித்த அடி அது. ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்கும் தெரியாமல் ஒரு கிழவியைக் கைப்பிடித்து பாத்ரூமுக்குக் கூட்டிப்போகிறவனுக்கு அல்ல.

நாலிலிருந்து ஏழாம் வசனம் வரை நிதானமாக வாசித்துப் பாருங்கள். பொறாமை இல்லை, புகழாது, இறுமாப்பாய் இராது, தன் நன்மையைத் தேடாது என்று போகிறது. எல்லாம் ஒருவரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதுதான். மனதுக்குள் இனிப்பாக இருக்கும் என்று ஒரு இடத்திலும் இல்லை. (சினமடையாது என்று ஒன்று இருக்கிறது, அதில் நாம் எல்லாருமே ஃபெயில், அது வேறு கதை.)

எனக்குப் பிடித்த இடம் யாத்திராகமம் 23. உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால், விட்டுவிட்டுப் போகாதே, அவனோடு சேர்ந்து அதற்கு உதவி செய் என்கிறது. அவனைப் பிடிக்க வேண்டும் என்று நிபந்தனை போடவில்லை. அவன் மேல் உனக்கு என்ன நினைப்பு என்றே கேட்கவில்லை. கழுதையைத் தூக்கு, அவ்வளவுதான். சுமையோடு விழுந்த கழுதையைத் தூக்குகிற இரண்டு பேர் 'நீ அந்தப் பக்கம் பிடி' என்றாவது பேசித்தானே ஆக வேண்டும், அதோடு பாதிப் பகை போய்விடும் என்று எங்கள் தாத்தா சொல்வார். போகாவிட்டாலும் கழுதை எழுந்துவிடும்.

ஆண்டவரும் மலைப்பிரசங்கத்தில் உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்று சொன்ன கையோடு, ஆசீர்வதியுங்கள், நன்மை செய்யுங்கள், ஜெபம் பண்ணுங்கள் என்று வேலையைத்தான் கொடுக்கிறார். லூக்காவில் அதற்குக் காரணமும் சொல்கிறார், பிதா 'நன்றியறியாதவர்களுக்கும் துரோகிகளுக்கும் நன்மைசெய்கிறாரே' என்று. அத்தைக்குப் பதிலுக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை என்றால், தம்பி, நீர் இருக்கிற வரிசை நல்ல வரிசைதான்.

பாசம் வரலாம், வராமலும் போகலாம். அதைத் தனியாகத் தேடி அலைய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

நைட்_டூட்டி_நர்ஸ்

வசனம் எல்லாம் பெரியவர்கள் சொல்லிவிட்டீர்கள். நான் ஒரு கேள்வி கேட்கிறேன். அத்தை எப்போதும் இப்படித்தானா, இல்லை கொஞ்ச வருஷமாக அதிகமா?

ஏன் கேட்கிறேன் என்றால், வைத்த பொருளை மறந்துவிட்டுத் 'திருடிவிட்டார்கள்' என்று சொல்வது மறதி நோயின் ஆரம்பத்தில் நிறையப் பேருக்கு வரும். காது மந்தமானாலும் சந்தேகம் வரும். நீங்கள் அடுக்களையில் சாதாரணமாகப் பேசுவது அவர்களுக்குக் கிசுகிசு மாதிரி கேட்கும், நம்மைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தோன்றும். பையன் வாசிப்பதைத் திருத்துகிறார்கள் என்றீர்கள், அவன் சரியாக வாசித்தும் அவர்கள் காதில் பாதி எழுத்து விழாமல் போயிருக்கலாம் இல்லையா? ராத்திரி அடிக்கடி பாத்ரூம் என்றால் மூத்திரத்தில் இன்ஃபெக்‌ஷன் இருக்கிறதா, சர்க்கரை எப்படி என்று பாருங்கள். வயதானவர்களுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷனில் காய்ச்சல் இல்லாமலே புத்தி தடுமாறும், திடீர் திடீரென்று கோபம் வரும். தூக்க மாத்திரை ஏதாவது போடுகிறார்களா? ரத்தத்தில் உப்பு குறைந்தாலும் இப்படி ஆகும். ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு யூரின் டெஸ்ட், காது பரிசோதனை, இதற்கு மேல் முதலில் ஒன்றும் வேண்டாம். காதில் வெறும் அழுக்கு அடைத்திருந்து, அதை எடுத்த பிறகு 'அப்பாடா' என்று சிரித்த பாட்டிமாரை வார்டில் பார்த்திருக்கிறேன்.

எல்லா ரிப்போர்ட்டும் நார்மல் என்று வந்தால் அத்தை சுபாவமே அதுதான் என்று ஆகிவிடும், அப்போது மேலே சொன்ன கழுதையையும் ஈட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நோயைச் சுபாவம் என்று நினைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டுவது இரண்டு பேருக்குமே கொடுமை.

நைட்டில் முழுக்க நீங்களே முழித்தால் உங்களுக்கும் எரிச்சல்தான் மிஞ்சும். கட்டிலுக்குப் பக்கத்தில் கமோடு சேர் ஒன்று வாங்கிப் போடுங்கள், பாதித் தூக்கம் திரும்பி வரும்.

பனிமய_வீதி, தூத்துக்குடி

நான் கத்தோலிக்கன், இங்கே எழுதலாம்தானே?

குழந்தை இயேசுவின் தெரேசாவை எல்லாருக்கும் ரோஜாப் பூவோடு படத்தில் தெரியும். சிறுமலர் என்று பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறோம். பிரான்சில் லிசியே ஊர் கார்மேல் கன்னியர் மடத்தில் 1888-ல் பதினைந்து வயதில் சேர்ந்து, 1897-ல் இருபத்து நான்கு வயதில் காசநோயில் இறந்துவிட்டார். அந்த மடத்தில் பீட்டர் என்று பெயர்கொண்ட வயதான சகோதரி ஒருவர் இருந்தார். நோயாளி. சாயங்கால ஜெபத்திலிருந்து அவரைச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப் போக ஒரு ஆள் வேண்டும், அந்த வேலையைத் தெரேசாவே கேட்டு வாங்கிக்கொண்டார். தமக்கு அதில் விருப்பம் இல்லை, அந்தச் சகோதரியைத் திருப்திப்படுத்த முடியாது என்று தெரிந்தும்தான் கேட்டார், அதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

நேரம் ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அந்த அம்மா தம் மணற்கடிகாரத்தை ஆட்டுவார், புறப்படு என்று அர்த்தம். பெஞ்சை ஒரு குறிப்பிட்ட மாதிரிதான் நகர்த்த வேண்டும். பின்னால் இருந்து இடுப்புக் கச்சையைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். கொஞ்சம் தடுக்கினால் 'வேகமாகப் போகிறாய், என்னை விழத்தட்டப் போகிறாய்'. மெதுவாக நடந்தால் 'உன் கை இருக்கிற மாதிரியே தெரியவில்லை, நீ சின்னப் பெண், உனக்கு இது முடியாது என்று சொன்னேனே'. சேகரத்து அண்ணாச்சி, உங்கள் வீட்டுக் காப்பிக் கதையைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது! உட்கார வைத்த பிறகு சட்டைக் கையை மடித்துவிட வேண்டும், அதுவும் அவர் சொல்கிற விதத்தில். அப்புறம் போகலாம். கை முடங்கிப் போனதால் அந்த அம்மா ரொட்டியை வெட்டச் சிரமப்படுவதைத் தெரேசா கவனித்தார். யாரும் சொல்லாமல் அதையும் வெட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு புன்னகை செய்துவிட்டுப் போவது என்று ஆக்கிக்கொண்டார். கேட்காமல் செய்த அந்த ஒரு விஷயத்தில்தான் அந்த அம்மா மனம் இளகியது.

இன்னொரு சகோதரி, எதைச் செய்தாலும் தெரேசாவுக்குப் பிடிக்காது. அவரிடம் தெரேசா நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து 'என்னிடம் அப்படி என்ன உனக்குப் பிடித்திருக்கிறது' என்று அந்தச் சகோதரியே கேட்டாராம். சில நேரம் உள்ளே முட்டிக்கொண்டு வந்தால் தெரேசா அந்த இடத்தை விட்டே ஓடிவிடுவார், அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். புனிதையே ஓடியிருக்கிறார் என்றால், உங்கள் அத்தை நாகர்கோவில் போனதும் நீங்கள் மூச்சு விட்டதில் என்ன இருக்கிறது?

சேகரத்துக்காரன், பாளையங்கோட்டை

எல்லாருக்கும் நன்றி. ஆபீஸில் உட்கார்ந்து படித்தேன், கழுதை வந்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்து மேஜைக்காரர் என்ன என்று கேட்டார்.

ஆல்ட்டோ சிஸ்டர், மனைவியிடம் உங்கள் பதிலை அப்படியே காட்டினேன். 'இந்த அம்மா யாரு, நம்ம வீட்டுக்கு ஒரு நாள் கூட்டிட்டு வாங்க' என்றாள். அவளுக்கு அத்தை பேசுவதைவிட நான் எல்லாவற்றுக்கும் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருப்பதுதான் பாரமாம். சனிக்கிழமைதோறும் அவள் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வருவது, அன்றைக்கு அடுக்களையும் அத்தையும் என் பொறுப்பு என்று பேசி முடித்திருக்கிறோம். கோயில் வாசல் விஷயத்தையும் அத்தையிடம் சொன்னேன். 'நான் எப்ப அப்படிச் சொன்னேன்' என்றார்கள். ஆனால் போன ஞாயிறு வாசலில் நிற்காமல் நேரே ஆட்டோவுக்கு வந்துவிட்டார்கள். கோபமா, வேறு எதுவுமா, தெரியவில்லை.

நர்ஸ் சிஸ்டர், நீங்கள் கேட்டதற்குப் பதில்: கண்டிப்பு எப்போதும் உண்டு, ஹாஸ்டல் பிள்ளைகள் நடுங்குவார்கள். ஆனால் திருட்டுப் பழி போடுவது அப்பா போன பிறகு வந்ததுதான். யூரின் டெஸ்ட்டுக்குச் சரி என்றார்கள். காது டாக்டர் என்றதும் 'எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் எல்லாரும் முணுமுணுக்கீங்க' என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். எப்படிக் கூட்டிப் போவது?

நைட்_டூட்டி_நர்ஸ்

அந்தப் பதிலே பாதி டயக்னோசிஸ்தான்.

காது என்று சொல்லாதீர்கள். டீச்சராக இருந்தவர்கள் அல்லவா, வேதம் வாசிக்க முடியாமல் போவதுதான் அவர்களுக்குப் பெரிய பயமாக இருக்கும். கண் பார்க்கப் போவோம் என்று சொல்லுங்கள், வருவார்கள். கண்ணும் காதும் ஒரே இடத்தில் பார்க்கிற ஆஸ்பத்திரியாக எடுங்கள். முன்கூட்டியே நர்ஸிடம் விஷயத்தைச் சொல்லி வைத்தால் 'வந்ததோடு காதையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் டீச்சர்' என்று அவர்களே சொல்வார்கள். வெளியாள் சொன்னால் கேட்பார்கள். மகனையும் கூட அனுப்புங்கள், வழியில் அவனை ஏதாவது போர்டு வாசிக்கச் சொல்லித் திருத்திக்கொண்டே வரட்டும். ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே எழுதுங்கள். மறதிக்கான டெஸ்ட் வேண்டுமா என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.